விற்பனை குறைந்ததற்கு ஓவியரைக் குற்றம் சொல்லாதீர்கள்

போன வாரம் மறுபடியும் அதே கூட்டம். ஒரு கேம் ஸ்டுடியோ, நான்கு பாகம் வரை வந்துவிட்ட ஒரு தொடர். நான்காவது பாகம் மூன்றாவதைவிடக் குறைவாக விற்றிருக்கிறது. திரையில் இரண்டு பட்டைகள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. "கார்ட்டூன் மாதிரி இருந்தது, அதனால்தான் யாரும் வாங்கவில்லை. அடுத்ததை ரியலிஸ்டிக்காகப் பண்ணிவிடலாம்" என்று முடிவெடுத்து, எட்டு மாத வேலையை ஓரங்கட்டியும் விட்டார்கள். என்னைக் கூப்பிட்டதே அதற்கு அப்புறம்தான். நான் உள்ளே நுழைந்தபோது ஓர் இளம் ஓவியர் சுவரில் ஒட்டியிருந்த வண்ணத் தாள்களை எடுத்துக்கொண்டிருந்தார். மூலை பிய்ந்துவிடக் கூடாதென்று டேப்பை நகத்தால் நெருடி நெருடி எடுத்தார்.

கேம்களுக்குக் காட்சி பாணி வகுத்துக் கொடுப்பது என் தொழில். 'கார்ட்டூன் விற்காது' என்ற இந்தப் பேச்சை எத்தனை மேசையில் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிக்கையே இல்லை. ஒவ்வொரு முறையும் சாட்சிக்கு இழுக்கப்படுவது, லிங்க் என்ற வீரனை நாயகனாகக் கொண்ட நின்டெண்டோ நிறுவனத்தின் ஸெல்டா கேம் தொடர்தான். 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளியான 'விண்ட் வேக்கர்' பெரிய கண்ணும் குட்டைக் காலுமாக, செல் ஷேடிங்கில், அதாவது கையால் வரைந்த கார்ட்டூன் போலத் தட்டையான நிழல்களோடு வந்தது. சுமார் 46 லட்சம் பிரதிகள் விற்றது. 2006-இல் 'ட்வைலைட் பிரின்சஸ்' மங்கலான நிறங்களில், உயரமான லிங்க்கோடு வந்தது; 88 லட்சத்தைத் தாண்டியது. "பார்த்தீர்களா?" என்பார்கள்.

சரி, பார்ப்போம். விண்ட் வேக்கர் வந்தது கேம்கியூபில், டிவியில் மாட்டி விளையாடும் நின்டெண்டோவின் கன்சோல் பெட்டியில். அந்தக் கன்சோல் தன் ஆயுள் முழுக்க விற்றதே சுமார் 2.17 கோடிதான். அதாவது அந்தப் பெட்டி வைத்திருந்த நூறு பேரில் 21 பேர் அளவுக்கு விண்ட் வேக்கரை வாங்கியிருக்கிறார்கள். எல்லோரும் கொண்டாடும் 'ஒகரினா ஆஃப் டைம்' 1998-இல் நின்டெண்டோ 64-இல் 76 லட்சம் விற்றது. அந்தக் கன்சோலின் விற்பனை 3.29 கோடி. நூற்றுக்கு 23. இருபத்தொன்றுக்கும் இருபத்து மூன்றுக்கும் நடுவில்தான் 'கார்ட்டூன் கொன்றுவிட்டது' என்ற கதை முழுவதும் நிற்கிறது!

இன்னும் கேளுங்கள். ஒகரினாவின் அதே முகங்களை, அதே பாணியை எடுத்துக்கொண்டு, அதே கன்சோலில், 2000-இல் வந்தது 'மஜோராஸ் மாஸ்க்'. அது சுமார் 33 லட்சம், நூற்றுக்குப் பத்து. பாணி மாறவே இல்லை, விற்பனை பாதிக்கும் கீழே போனது. இதற்கு யாரும் ஓவியரைக் கூப்பிட்டுத் திட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ட்வைலைட் பிரின்சஸ் விஷயத்துக்கு வருவோம். அது பழைய கேம்கியூப், புதிய வீ என்று நின்டெண்டோவின் இரண்டு கன்சோல்களில் வந்தது. அமெரிக்காவில் வீ கன்சோல் கடைக்கு வந்த அதே நாளில் அதுவும் வந்தது. புதுப் பெட்டி வாங்கியவர் கையில் எடுக்கப் பெரிய கேம் அன்றைக்கு வேறு அதிகம் கிடையாது. வீ கடைசியில் 10 கோடிக்கு மேல் விற்றது. அதே வீயில் 2011-இல், கன்சோலின் அந்திமக் காலத்தில், 'ஸ்கைவர்ட் ஸோர்ட்' வந்தது. வளர்ந்த லிங்க், நிதானமான முகம், யாரும் குழந்தைத்தனம் என்று சொல்ல முடியாத உடல்வாகு. விற்றது 36 லட்சம் சொச்சம். நூற்றுக்கு நான்குகூட இல்லை. (இந்த விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பெட்டி பெருகப் பெருக, அதில் எப்போதாவது விளையாடுகிறவர்களும் பெருகுவார்கள். ஆனாலும் இரண்டு பட்டைகளை மட்டும் பக்கத்தில் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.)

அப்புறம் 2017. 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்'. ஓவியத் தாளில் நீர்வண்ணம் பரவியது போன்ற வானம், தட்டையான நிழல்கள், செல் ஷேடிங்கின் நேர் வாரிசு. நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் மட்டும் 3 கோடிக்கு மேல் விற்றது. அந்தத் தொடரில் அதுவரை வந்ததெல்லாம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. கார்ட்டூன் விற்காது என்று மேசையைத் தட்டுகிறவர்கள் இந்த ஒரு எண்ணை ஏன் எழுதிக்கொண்டு வருவதில்லை?

பாணிக்கும் விற்பனைக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சம்பந்தம் இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. 2000-இல் நின்டெண்டோவின் ஸ்பேஸ் வேர்ல்ட் கண்காட்சியில் லிங்க்கும் வில்லன் கானண்டார்ஃபும் வாள் மோதும் ஒரு சிறு துண்டைக் காட்டினார்கள். நிஜத்தோற்றம், கனத்த நிழல். பார்த்தவர்கள் மனதில் அதுதான் அடுத்த ஸெல்டா. அடுத்த வருடமே அதே கண்காட்சியில் பொம்மைக் கண்களோடு லிங்க் வந்து நின்றதும் கொதித்துப் போனார்கள். அந்தக் கோபத்தில் பாதி, கொடுத்த வாக்கு மாறியதற்கானது. ஸெல்டா தயாரிப்பாளர் எய்ஜி அஓனுமா 2007-இல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ் உரையில் வெளிப்படையாகவே சொன்னார்: அமெரிக்காவில் விற்பனை மந்தமானபோது, அந்தத் தோற்றம் சின்னப் பிள்ளைகளுக்கானது என்ற எண்ணத்தைத் தருகிறது என்று அங்கிருந்த நின்டெண்டோ கிளையில் சொன்னார்கள், அதனால்தான் நிஜத்தோற்றத்துக்குத் திரும்பினோம் என்று. பாணி செய்கிற வேலை இதுதான். வாங்குபவர் ஒரு நொடி பார்க்கும்போது "இது எனக்கா, வேறு யாருக்காவதா" என்ற கேள்விக்கு அது பதில் சொல்லிவிடுகிறது. அந்தப் பதில் தப்பாகப் போயிருந்தால் திருத்த வேண்டியது பெரும்பாலும் ட்ரெய்லரையும் அட்டைப் படத்தையும்தான்.

விண்ட் வேக்கரை அசைவில் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்கள் ஏன் அவ்வளவு பெரிதென்று தெரியும். பக்கத்தில் ஏதாவது கவனிக்க வேண்டிய பொருள் இருந்தால் லிங்க்கின் பார்வை அந்தப் பக்கம் திரும்பும். விளையாடுபவருக்கு அது ஒரு குறிப்பு. அச்சில் வந்த ஸ்க்ரீன்ஷாட்டில் இது எப்படித் தெரியும்?

எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. உருண்டை முகம், உருண்டைக் கை என்று இருந்த பாம்பர்மேன் என்ற கேம் நாயகனை 2006-இல் 'ஆக்ட் ஜீரோ' என்று இரும்புக் கவசம் மாட்டி, இருட்டில் நிறுத்தினார்கள். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அடுத்த வருடமே தொடர் உருண்டை முகத்துக்குத் திரும்பிவிட்டது. டயாப்ளோ 3 என்ற கேமை 2008-இல் அறிமுகப்படுத்தியபோது "நிறம் அதிகம், வானவில் மாதிரி இருக்கிறது" என்று ரசிகர்கள் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். அதைச் செய்த ப்ளிஸார்ட் நிறுவனம் அசையவில்லை. 2012-இல் முதல் 24 மணி நேரத்தில் 35 லட்சம் பிரதிகள் போயின.

இனி ஸ்டுடியோக்காரர்களுக்கு. 'கார்ட்டூன்' என்ற சொல்லை வாயில் எடுப்பதற்கு முன்னால் நான்கு விஷயத்தை எழுதி வையுங்கள்: எத்தனை பேரிடம் அந்தக் கன்சோல் இருந்தது, அது அதன் முதல் வருடமா கடைசி வருடமா, அதே வாரத்தில் வேறு என்ன வந்தது, அதற்கு முன்னால் ரசிகர்களுக்கு எதைக் காட்டியிருந்தீர்கள். வெளியிடப் போகாத பாணியில் தயவுசெய்து டெமோ காட்டாதீர்கள். அட்டைப் படத்தைக் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அதில் நாயகன் யாரென்று தெரியாவிட்டால் எந்தப் பாணியும் உங்களைக் காப்பாற்றாது. 'ரியலிஸ்டிக்' என்றால் பெரியவர்களுக்கு என்று பொருள் கொள்வதை இன்றோடு விடுங்கள். வேலை பாதி தாண்டிய பிறகு பாணியை மாற்றுவது, உங்கள் குழுவில் இருக்கும் நல்ல ஓவியரை வெளியே அனுப்பும் வேலை.

ரசிகர்களே, உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். ஒற்றை ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பத்து நிமிடம் ஓடுவதைப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள், அதைக் காது கொடுத்துக் கேட்க நாங்கள் தயார்.

அந்த ஸ்டுடியோவின் நான்காவது பாகத்துக்கு இந்த நான்கையும் நானே எழுதிப் பார்த்தேன். கன்சோலின் கடைசி வருடத்தில் வந்திருந்தது, அதே வாரத்தில் அதைவிடப் பத்து மடங்கு பெரிய கேம் ஒன்றும் வந்திருந்தது. கடைப் பக்கத்தில் வைத்திருந்த படத்தைச் சுருக்கினால் ஒரு கறுப்புச் சதுரம் மட்டும்தான் மிச்சம். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்த ஓவியர் தாள்களைச் சுருட்டி மேசைக்கு அடியில் வைத்திருக்கிறார். மூலை ஒன்றுகூடப் பிய்யவில்லை.