மஞ்சச் சட்டைடா!

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரையே ஒரு நிறத்தைத்தான் தேடும். தங்கக் குதிரையில் வருகிறவர் பச்சைப் பட்டு உடுத்தியிருக்கிறாரா என்று பார்த்தால்தான் மனசு நிறையும். ஒரு சித்திரையில் நாங்களும் அதைப் பார்த்துவிட்டு, ராமராயர் மண்டபத்துப் பக்கம் தண்ணீர் பீய்ச்சும் கூட்டத்துக்குள் நுழைந்தோம். திரும்பிப் பார்த்தால் அக்கா மகனைக் காணோம்.

“மஞ்சச் சட்டைடா, மஞ்சச் சட்டை!” என்று அக்கா அலறினாள். அந்த ஒரு சொல்லுக்கு அப்புறம் கூட்டமே வேறு மாதிரி தெரிந்தது. பலூன், தோளில் கிடந்த துண்டு, தூரத்து ஆட்டோ, ஒரு பாட்டியின் சேலை என மஞ்சளாக இருந்ததெல்லாம் கண்ணில் வந்து குத்தியது.

கண்ணால் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடிவது மிகச் சிறிய இடத்தைத்தான். கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்குமே, ஏறக்குறைய அவ்வளவு. அதனால் கண் நொடிக்கு சுமார் மூன்று முறை இடம் மாறித் தாவுகிறது. அடுத்த தாவல் எங்கே என்பதுதான் கேள்வி.

பின்மண்டையில் உள்ள பார்வைப் பகுதியின் செல்கள் ஒவ்வொன்றுக்கும் பிடித்தமான இடம் உண்டு. பலவற்றுக்குப் பிடித்தமான நிறமோ, அசைவின் திசையோகூட உண்டு. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்ததும், மூளையின் முன்பகுதி அதற்குத் தோதான செல்களின் குரலை ஏற்றிவிடுகிறது. மற்ற செல்களின் குரல் அமுங்கிப்போகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 2003இல் டிரின் மூரும் கேத்தரின் ஆம்ஸ்ட்ராங்கும் செய்த சோதனை. குரங்கின் மூளையில், நெற்றிப் பக்கம், கண்ணை நகர்த்தும் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே மிக லேசாக மின்சாரம் கொடுத்தார்கள். கண் அசையவில்லை. ஆனால் கண் எந்த இடத்துக்குப் போயிருக்குமோ, அந்த இடத்தைக் கவனிக்கும் பார்வை செல்கள் முன்பைவிட உரக்கப் பேசின! கண் போவதற்கு முன்பே கவனம் போய்விடுகிறது.

இடத்துக்கான கட்டளை அந்த ஓர் இடத்துக்கு மட்டும் போகிறது. நிறமோ அசைவோ என்றால் அப்படியில்லை. ஒரு திசையில் நகரும் புள்ளிகளைக் குரங்கு கவனித்தபோது, பார்வையின் மறுபாதியைக் கவனிக்கிற, அதே திசையை விரும்பும் செல்களும் சேர்ந்தே சுறுசுறுப்பானதை 1999இல் கண்டார்கள். ஆற்றங்கரை முழுக்க மஞ்சள் துள்ளியதற்கு இதுதான் காரணம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அதே 1999இல் சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரும் காட்டிய வீடியோவில், பந்து கைமாறுவதை எண்ணியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நடுவே நடந்துபோன கொரில்லா வேடத்தைப் பார்க்கவே இல்லை. வெள்ளைச் சட்டை, கறுப்புச் சட்டை என்று இரண்டு அணிகள்; வெள்ளைச் சட்டைக்காரர்களின் பந்தை எண்ணியவர்கள்தான் அந்தக் கறுப்பு உருவத்தை அதிகம் தவறவிட்டார்கள். மறுநாள் பக்கத்து வீட்டு மதினி, “எதிர்லயே நின்னு கையாட்டுனேன், கண்டுக்காமப் போறியேப்பா” என்று வருத்தப்பட்டார். சத்தியமாக நான் அவரைப் பார்க்கவில்லை.

சரி, பையனுக்கு வருவோம். கொஞ்ச நேரம் கழித்து அக்காவுக்கு ஞாபகம் வந்தது: “பலூன்காரர்கிட்டதான் கடைசியா நின்னான்.” நான் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்த இடம். மூன்றாம் முறை, நிறத்தை விட்டுவிட்டு அந்த இடத்தில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பலூன் கம்புக்குக் கீழே, தொப்பலாக நனைந்து, வெற்றுடம்போடு நின்றுகொண்டிருந்தான். பிழிந்த மஞ்சள் சட்டை அவன் கைக்குள் சுருண்டு கிடந்தது.