வயிற்றுக்குள் ஓர் உறைமோர்ப் பானை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகளுக்காக வாங்கி வளர்க்கும் கினிப் பன்றி (பெயரில்தான் பன்றி, எலி, அணில் போன்ற கொறிக்கும் பிராணி) முந்தின நாள் மதியத்திலிருந்து எதையும் தின்னவில்லை. கொத்தமல்லித் தழையை மூக்கருகே கொண்டுபோனால் ஆவலாக வருகிறது, வாயில் வாங்குகிறது, அப்படியே கீழே போட்டுவிடுகிறது. "வயிறு மந்தமா இருக்கும், ஒருநாள் பட்டினி போட்டா தானா சரியாயிடும்னு எங்க ஆயா சொல்றாங்க. லங்கணம் பரம ஔஷதம்னு சொல்லுவாங்களே, அது இதுக்கும் பொருந்துமா சார்?" என்று கேட்டிருந்தார்.

பொருந்தாது. கட்டுரை வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி இல்லை என்பதால் அன்றைக்கே அவரைத் தொலைபேசியில் அழைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். ஏன் பொருந்தாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

நமக்கு ஒருவேளைப் பட்டினி பெரிய விஷயமில்லை. வளர்ந்த நாய் ஒருநாள் சாப்பிடாமல் கிடந்தாலும் பெரும்பாலும் தாங்கிவிடும். கினிப் பன்றி 12 மணி நேரம் எதுவும் தின்னவில்லை என்றாலே அவசர நிலை.

புல்லில் இருக்கும் செல்லுலோசை உடைக்கும் நொதி எந்தப் பாலூட்டியிடமும் சொந்தமாகக் கிடையாது, குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன என்பது பள்ளியில் படித்ததுதான். மாடு தன் புளிக்கவைக்கும் பானையை முன்னாலேயே வைத்திருக்கிறது. முதல் இரைப்பையில் புல் புளிக்கிறது, அதில் பெருகிய நுண்ணுயிர்கள் அடுத்து வரும் சிறுகுடலில் புரதமாகச் செரிக்கின்றன. கினிப் பன்றிக்குப் பானை பின்னால் இருக்கிறது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில், நமக்குக் குடல்வால் ஒட்டிக்கொண்டிருக்கிறதே அதே இடத்தில், சீக்கம் என்ற பை. நம்மிடம் அது சின்னஞ்சிறு பை. கினிப் பன்றியிடம் மொத்தக் குடலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு வரை அதற்குள்தான் கிடக்கும். ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பிராணிக்குள் இவ்வளவு பெரிய பானை!

இங்கே ஒரு சிக்கல். முன்னாலிருந்து புல் வந்துகொண்டே இருக்கிறது, பின்னால் புழுக்கை போய்க்கொண்டே இருக்கிறது. பாக்டீரியாக்களோ பெருக நேரம் எடுத்துக்கொள்பவை. சக்கையோடு சேர்ந்து அவையும் அடித்துக்கொண்டு போய்விட்டால் பானை காலியாகிவிடுமே?

ஆகாது. சீக்கத்தை அடுத்த பெருங்குடலின் உட்சுவரில் நீளவாக்கில் இரண்டு மடிப்புகள் ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு பள்ளம், வயல் வரப்பை ஒட்டி ஓடும் வாய்க்கால் மாதிரி. குடல்சுவர் சுரக்கும் சளியில் பாக்டீரியாக்கள் சிக்கிக்கொள்ள, அந்தச் சளி இந்தப் பள்ளத்துக்குள் இறங்குகிறது. அங்கே குடலின் அசைவு அதைப் பின்னோக்கி, சீக்கத்தை நோக்கித் தள்ளுகிறது. அதே நேரத்தில், அதே குழாயின் நடுவில், முரட்டுச் சக்கை வெளியேறும் திசையில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே குழாய், எதிரெதிர்த் திசையில் இரண்டு ஓட்டம். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு எங்கள் ஆயாவின் நினைவுதான் வந்தது. எல்லோருக்கும் தயிரை ஊற்றிவிட்டு, சட்டியின் அடியில் ஒரு கரண்டியை மட்டும் யாரையும் தொடவிடமாட்டார். நாளைக்கு உறை ஊற்ற. கினிப் பன்றியின் குடல் அந்த ஒரு கரண்டியை நாள் முழுக்க, ஒவ்வொரு கணமும், எடுத்து வைத்துக்கொண்டே இருக்கிறது.

அப்படியும் தப்பி வெளியே வருவதை அது விடுவதில்லை. சீக்கத்திலிருந்து வரும் மென்மையான புழுக்கையைக் குனிந்து, ஆசனவாயிலிருந்தே வாங்கித் தின்றுவிடும். பானை சிறுகுடலுக்குப் பின்னால் இருப்பதால், அதில் விளைந்த புரதத்தையும் பி வைட்டமின்களையும் பெற இரண்டாம் சுற்று தேவைப்படுகிறது. சிலர் இதைப் பார்த்து அருவருத்து அதட்டுகிறார்கள். தயவுசெய்து அதட்டாதீர்கள், அது அதன் சாப்பாடு.

இப்போது பட்டினிக்கு வருவோம். அந்த வாய்க்காலை ஓடவைப்பது குடலின் அசைவு. குடலை அசையத் தூண்டுவது முன்னாலிருந்து இடைவிடாமல் வரும் நார். புல் வருவது நின்றால் அசைவு தளர்கிறது, உள்ளே இருப்பது காய்ந்து இறுகுகிறது, உறைமோர் கெடுகிறது. நல்ல நுண்ணுயிர்கள் மடிய, வாயு உண்டாக்கும் கூட்டம் பெருகுகிறது. கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாது. வாயு சேரச் சேர வலி. வலிப்பதால் இன்னும் தின்னாது. உடல் தன் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்ப, ஈரலும் திணறத் தொடங்கும். ஓய்வு என்று நாம் நினைத்துக் கொடுக்கும் அந்த ஒருநாளில் இவ்வளவும் நடந்துவிடும்.

அதனால்தான் மருத்துவர்கள் ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டச் சொல்கிறார்கள். கடையில் பையில் விற்கும் உணவுத் துகளை (பெல்லட்) வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சிப் பதத்துக்கு மசித்து, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லியாவது உள்ளே போகும்படி, பல வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மல்லாக்கப் போட்டு ஊட்டக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். துண்டில் சுற்றி மடியில் உட்காரவைத்து, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் நுனியை நுழைத்து, அரை மில்லி மட்டும் தள்ளிவிட்டு நிறுத்துங்கள். தாடை பக்கவாட்டில் அசையும். காதை அருகே வைத்தால் 'கறுக் கறுக்' என்று மெல்லும் சத்தம் கேட்கும். அது நின்ற பிறகு அடுத்த அரை மில்லி. வயிறு மத்தளம்போல் விம்மிக் கெட்டியாக இருந்தால் மட்டும் ஊட்டவே கூடாது, முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும்.

தின்னாமல் இருப்பது நோயில்லை, நோயின் அறிகுறி. திருப்பாதிரிப்புலியூர்க் கினிப் பன்றி தழையை வாயில் வாங்கிக் கீழே போட்டது எனக்குப் பல்லைச் சொல்லியது. அதன் 20 பற்களும் ஆயுள் முழுக்க வளர்பவை. முரட்டுப் புல்லை அரைத்துத் தேய்க்காவிட்டால், கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமிருந்தும் உள்நோக்கி வளைந்து, நாக்கின் மேல் பாலம்போல் மூடிக்கொள்ளும். பசி இருக்கும், விழுங்க நாக்கு அசையாது. மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தபோது அதுதான் இருந்தது. மயக்க மருந்து கொடுத்துத் தேய்த்துவிட்டாராம்.

இன்னொரு காரணம் வைட்டமின் சி. நம்மைப்போலவே கினிப் பன்றியாலும் அதைத் தயாரிக்க முடியாது. 1907இல் நார்வே ஆய்வாளர்கள் ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் இருவரும் கினிப் பன்றிகளைத் தானியம் மட்டுமே கொடுத்து வளர்த்தபோது அவற்றுக்கு ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய், வந்தது. வைட்டமின் சி கண்டறியப்பட்ட வரலாறே இந்தப் பிராணியின் முதுகில் ஏறி வந்ததுதான். துகள் பையில் வைட்டமின் அச்சிடப்பட்டிருந்தாலும் நாளாக ஆக அது குறையும், நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். தினமும் ஒரு துண்டு குடைமிளகாயோ கொஞ்சம் கொய்யாவோ கொடுங்கள். கத்திரி வெயிலில் கூண்டைத் தகரக் கூரைக்கடியில் வைக்கவே கூடாது. 30 டிகிரியைத் தாண்டினாலே அது தவிக்கத் தொடங்கும்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். புதுச்சேரியில் நாங்கள் வளர்த்த மிளகு என்ற கினிப் பன்றிக்குச் சளி பிடித்தபோது, ஒரு மருந்துக்கடையில் குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் சிரப் வாங்கி ஊட்டினோம். நான்காம் நாள் அது போய்விட்டது. பென்சிலின் குடும்ப மருந்தை வாய்வழியே கொடுத்தால் சீக்கத்தின் நல்ல பாக்டீரியாக்கள் செத்து, நஞ்சு சுரக்கும் கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியா அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அன்று எனக்கு அது தெரியாது. அந்த நான்கு நாளில் கூண்டுக்குத் திருஷ்டிக் கயிறு கட்டியவர்களும் உண்டு. கயிற்றோடு எனக்குச் சண்டையில்லை. கட்டிவிட்டோமே என்று காத்திருந்த மணி நேரங்களைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மாட்டுத் தீவனத்துக்குக் கோ-4, வேலிமசால் என்று நம் மாநிலத்தில் எத்தனை அருமையான ஆராய்ச்சி! நம் தெருவோர அருகம்புல்லில் நார் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று சின்னப் பிராணிகளை மனதில் வைத்து ஓர் அட்டவணை போடப் பெரிய செலவாகாது. புதுச்சேரி குரும்பாப்பேட்டில் கால்நடைக் கல்லூரியே இருக்கிறது. இதற்கு ஒரு சிறு நிதி ஒதுக்கினால், இறக்குமதியாகும் உலர்புல்லுக்குக் கொட்டும் பணம் எத்தனை வீடுகளில் மிச்சமாகும்.

வாசகி பிறகு சொன்னது: பல் தேய்த்தபின் இரண்டு நாள் சிரிஞ்சில் ஊட்டினார்கள். மகள் செய்தித்தாளில் விழும் புழுக்கைகளை எண்ணி நோட்டில் எழுதினாள். முதல் நாள் 11, எல்லாம் கடுகுபோலச் சிறுத்துக் காய்ந்தவை. மூன்றாம் நாளும் எண்ணிக்கை போதவில்லை. மருத்துவர், வேறு வீட்டில் நோயில்லாத கினிப் பன்றி இருந்தால் அதன் புதுப் புழுக்கையைக் கொஞ்சம் வாங்கிவரச் சொன்னார். பூச்சி இருக்கிறதா என்று சோதித்து, தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கஞ்சியோடு ஊட்டினார். ஆயாவுக்கு முதலில் முகம் சுளித்ததாம். "நம்ம வீட்டுத் தயிர் கெட்டுப்போனா பக்கத்து வீட்டுல உறை வாங்குறதில்லையா?" என்று பேத்தி கேட்டதும், அவரே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.