சேர்ந்திசையைக் குழுப்பாடல் ஆக்காதீர்கள்

கணியன் பூங்குன்றனாரின் பாட்டை நான்கு குரல்வகைகளுக்குப் பிரித்து இசையமைத்திருக்கிறார்கள் என்று ஓர் அழைப்பிதழ் வந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘புறநானூற்றுக் குழுப்பாடல்’. இந்த வருடம் இந்தச் சொல்லை மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

பல குரல்கள் வெவ்வேறு வழியில் சேர்ந்து பாடுவதை ஆங்கிலத்தில் ‘கோரல்’ இசை என்பார்கள். தமிழில் அதற்குச் ‘சேர்ந்திசை’ என்ற சொல் இருக்க, குழுப்பாடல் என்கிறார்கள். ஆங்கிலச் சொல்லின் மூலம் கிரேக்கம். ‘கொரோஸ்’ என்றால் ஆடிப்பாடும் கூட்டம். அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் கோரஸ், கொயர், கோரல் என்று கிளைத்தது. நம்மிடம் வந்த கோரஸைச் சினிமா எடுத்துக்கொண்டது. பாடகருக்குப் பின்னால் ‘லாலலா’ பாடுகிறவர்கள் என்று பொருள் சுருங்கிப்போனது. கோரல் என்றே எழுதலாமா என்றால், கடலடிப் பவளத்துக்கும் தமிழில் அதே எழுத்துதான்.

சரி, குழுப்பாடலில் என்ன தப்பு? பாடுவது எத்தனை பேர் என்பதை மட்டும் அது சொல்கிறது, எப்படிப் பாடுகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் இருபது பிள்ளைகள் ஒரே மெட்டை ஒரே சுரத்தில் பாடுகிறார்களே, அது குழுப்பாடல். இங்கே நடப்பது வேறு. பெண்களின் மேல்குரல் ‘யாதும் ஊரே’ என்று எடுக்கிறது, ஆண்களின் அடிக்குரல் ‘ஊரே’யைப் பிடித்து நிற்கிறது, அது ஓய்வதற்குள் நடுக்குரல்கள் ‘யாவரும் கேளிர்’ என்று வேறு சுரங்களில் நுழைகின்றன. தனித்தனி வழிகள், ஆனால் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ‘இசைதல்’ என்றாலே தமிழில் பொருந்துதல், உடன்படுதல். இசைவு என்கிறோமே, அதேதான். ‘சேர்ந்திசை’யில் சங்கீதமும் உண்டு, இந்த உடன்பாடும் உண்டு. இதைவிட என்ன வேண்டும்?

சொல்லும் புதிதல்ல. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர்களைத் திரட்டிப் பாரதி பாடல்களைப் பல குரல்களில் பாடவைத்த காலத்திலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. இருக்கிற நல்ல சொல்லைத் தேடிப் பார்க்காமல் புதிதாக ஒன்றைத் தட்டிவிடுவது நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பழகிப்போன சோம்பல்.

அப்புறம் அந்த ‘சிம்பொனி’ வியாதி. இளையராஜாவின் ‘திருவாசகம்’ 2005இல் வந்தபோது ஊரே அதைச் சிம்பொனி என்றது. அது ஆரட்டோரியோ, அதாவது தனிக்குரல், சேர்ந்திசை, வாத்தியக் குழு மூன்றும் கூடிய வடிவம். ‘பொல்லா வினையேன்’ பகுதியில் அவர் மாணிக்கவாசகரைப் பாட, சேர்ந்திசைக் குழு ஆங்கிலத்தில் பாடுகிறது. சிம்பொனியோ அடிப்படையில் வாத்தியங்களுக்கானது. பீத்தோவன் 1824இல் தன் ஒன்பதாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் ஷில்லரின் கவிதையைப் பாடவைத்தது விதிவிலக்கு. வயலின் கூட்டமாகக் கேட்டாலே சிம்பொனி என்பது நம் ஊடகங்களின் கணக்கு.

அழைப்பிதழ் அனுப்பியவரிடம் போனில் கேட்டேன்: “பாட்டு குழுப்பாடல் என்றால், பாடுகிறவர்களை எப்படிச் சொல்வீர்கள்?”

“குழுப்பாடல் குழு” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.