"சேவை நாய்" வேண்டாம், துணைநாய் என்போம்

போன வாரம் அம்மாவோடு உட்கார்ந்து ஓர் ஆவணப்படம் பார்த்தேன். காப்பகங்களில் கிடக்கும் நாய்களை எடுத்துவந்து, காது கேளாதவர்களுக்கு உதவப் பழக்கும் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களைப் பற்றியது. திரையின் அடியில் தமிழ் வரி ஓடியது: "மீட்பு நாய்கள் சேவை நாய்களாக மாறுகின்றன." அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "பூகம்பத்துல ஆளைத் தேடுற நாயா? அதுக்கு யாரு சேவை செய்றாங்க?"

தப்பு அம்மாவுடையது இல்லை. இந்தச் "சேவை நாய்" செய்திகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய நாய்க்கு ஆங்கிலத்தில் சர்வீஸ் டாக், அசிஸ்டன்ஸ் டாக் என்று இரண்டு பெயர்கள். சர்வீஸ் என்பது அடிமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அசிஸ்ட் என்பதற்கு லத்தீனில் 'அருகே நில்' என்று பொருள். பயிற்சி நிறுவனங்கள் அசிஸ்டன்ஸ் டாக் என்பதைப் பொதுப்பெயராக வைத்து, பார்வையற்றோருக்கு ஒன்று, காது கேளாதோருக்கு ஒன்று, மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று என மூன்றாகப் பிரிக்கின்றன. சர்வீஸ் டாக் என்பது அவர்களுக்கு மூன்றாவது வகை மட்டும். அமெரிக்கச் சட்டமோ மூன்றையும் சர்வீஸ் என்ற பெயருக்குள் அடக்குகிறது. நம்மவர்கள் அதைப் பார்த்து, சர்வீஸ் என்றால் சேவை என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

சேவை வடசொல். அதற்காக மட்டும் நான் சண்டைக்கு வரவில்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம்தான். பெரிய காரணம், அந்தச் சொல் தமிழில் ஏற்கெனவே வேறு வேலைகளில் இருக்கிறது. பெருமாள் கோயிலில் கருட சேவை. இலையில் எலுமிச்சை சேவை. ஊரில் இ-சேவை மையம். ஊதியம் வாங்காமல் ஊருக்கு உழைத்தால் சமூக சேவை. இவற்றுக்கு நடுவே நாயை நிறுத்தினால் போலீஸ் நாயா, ராணுவ நாயா, நாய்க்குச் சேவை செய்யும் அமைப்பா என்றுதான் மனம் போகும். ஒருவரோடு ஒரு நாய் நாள் முழுவதும் ஒட்டியிருக்கிறது என்ற செய்தி அந்தச் சொல்லில் துளியும் இல்லை.

அதே படத்தில் ஒரு காட்சி. கடிகாரம் அலறுகிறது. கீழே படுத்திருந்த பழுப்பு நாய் எழுந்து, கட்டிலில் தாவி, தூங்கும் பெண்ணின் தோளை மூக்கால் முட்டுகிறது. அழைப்பு மணி அடித்ததும் அவர் காலைத் தொட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறது. பாதி வழியில் நின்று, பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கிறது. இதற்குத் தமிழில் துணை என்று பெயர். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 1977இல் ராய் கபாட் தொடங்கிய 'டாக்ஸ் ஃபார் தி டெஃப்' என்ற தொண்டு நிறுவனம், காப்பகங்களில் யாரும் வாங்காத நாய்களை எடுத்து இந்த வேலைக்குத்தான் பழக்கியது. இன்று அதன் பெயர் 'டாக்ஸ் ஃபார் பெட்டர் லைவ்ஸ்'.

துணை என்றால் துணைவேந்தர், துணை ஆட்சியர் மாதிரி அடுத்த நிலை ஆகிவிடாதா என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நல்ல கேள்வி. பதவிப் பெயருக்கு முன்னால் வரும் துணைதான் அப்படி. மற்ற இடங்களில் துணை என்றால் உடன் இருப்பது: வாழ்க்கைத்துணை, பேச்சுத்துணை, வழித்துணை. நாய் பதவி இல்லையே. எனவே பொதுப்பெயர் துணைநாய். வகை சொல்லும்போது பார்வையற்றோருக்கு வழித்துணை நாய், காது கேளாதோருக்குச் செவித்துணை நாய், மற்ற மாற்றுத்திறனாளிகளுக்குக் கைத்துணை நாய். விழுந்த சாவியை எடுத்துத் தருவதும், கதவில் கட்டிய கயிற்றை இழுத்துத் திறப்பதும் கைத்துணை. "உதவி நாய்" என்பவர்களுக்கும் இதுவே பதில். உதவி என்ற சொல்லில் உடன் இருக்கும் பொருள் இல்லை; அது உதவி இயக்குநர், உதவி ஆய்வாளர் வரிசையில் போய் நிற்கிறது.

இதைவிட எனக்கு ஆற்றாமை தருவது, பார்வையற்றோரோடு நடக்கும் நாயை "வழிகாட்டி நாய்" என்பது. சொல் அழகாக இருக்கிறது, பொருள் தவறு. அந்த நாய்க்கு வழி தெரியாது. எங்கே திரும்ப வேண்டும், எத்தனையாவது தெரு என்பதெல்லாம் பார்வையற்றவர் மனத்தில் இருக்கிறது. அவர் சொல்வார், நாய் நடக்கும். பள்ளம், கம்பம், தாழ்ந்த கிளை வந்தால் விலகும். நடைபாதை விளிம்பில் நிற்கும். அவர் காலால் விளிம்பைத் தொட்டுப் பார்த்து 'முன்னே' என்பார். அந்த நேரம் கார் வந்தால் நாய் நகராது. சொன்னதை மீறி நிற்கவும் பழக்கியிருக்கிறார்கள். (இதை "அறிவார்ந்த கீழ்ப்படியாமை" என்று பெயர்த்ததைப் பார்த்தேன். 'அறிந்து மறுத்தல்' போதாதா?) பார்வையற்ற அமெரிக்க இளைஞர் மோரிஸ் ஃபிராங்க் 1928இல் சுவிட்சர்லாந்தில் பட்டி என்ற நாயோடு பழகித் திரும்பினார். அடுத்த ஆண்டு நாஷ்வில்லில் 'தி சீயிங் ஐ' பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அன்றும் வழி அறிந்தவர் மனிதர், உடன் வந்தது நாய். விரிஞ்சிபுரத்துச் சிவனையே வழித்துணைநாதர் என்று அழைத்த மொழிக்கு இந்தச் சொல் எப்படி மறந்துபோனது?

அப்புறம் அந்த "மீட்பு நாய்". ஆங்கிலத்தில் ரெஸ்க்யூ டாக் என்றால் காப்பாற்றப்பட்ட நாயும்தான், காப்பாற்றும் நாயும்தான். அவர்கள் குழப்பத்தை நாம் ஏன் வாங்கிச் சுமக்க வேண்டும்? இடிபாடுகளில் தேடுவது மீட்பு நாய். காப்பகத்திலிருந்து வந்தது மீட்கப்பட்ட நாய், அல்லது கைவிடப்பட்ட நாய். சில எழுத்துகள் கூடினால் என்ன குறைந்துவிடும்? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிடாமல், அந்த நாய் என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் படத்தைப் பார்த்தாலே போதும்.

அந்த வரியை நான் மாற்றி எழுதி அம்மாவிடம் வாசித்தேன்: "கைவிடப்பட்ட நாய்கள் செவித்துணை நாய்களாகின்றன."

"சரி, அந்தப் பழுப்பு நாயை எந்தக் காப்பகத்துல இருந்து எடுத்தாங்களாம்?" என்றார்.