பள்ளிச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை? மெனுவில் கை வைக்கும் முன் வரிசையைப் பாருங்கள்

பள்ளி உணவுத் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்லும் உணவியல் நிபுணர் நான். எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே பேச்சுதான்: "சாப்பாடு நல்லாத்தான் போடுறோம், பிள்ளைங்க வர மாட்டேங்குறாங்க, மெனுவை மாத்திக் கொடுங்க." மெனுவை மாற்றலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன். மணி அடித்ததிலிருந்து கடைசிப் பிள்ளை தட்டோடு உட்காரும் வரை எத்தனை நிமிஷம் ஆகிறது? பெரும்பாலும் பதில் வராது. யாரும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒருநாள் நின்று பாருங்கள். அட்டவணையில் சாப்பாட்டு நேரம் 30 நிமிஷம் என்று போட்டிருக்கும். வகுப்பிலிருந்து இறங்கி வரவும் கை கழுவவும் கொஞ்ச நேரம், வரிசையில் கொஞ்ச நேரம், தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பிப் போகக் கொஞ்ச நேரம் என்று எல்லாம் கழிந்தபின் வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு உண்மையில் சாப்பிடக் கிடைப்பது பத்து நிமிஷமாகக்கூட இருக்கலாம். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? வயிறு நிறைகிற பண்டத்தை நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு காய்கறியை அப்படியே கொட்டிவிட்டு ஓடும், அல்லது நாளையிலிருந்து வரிசைக்கே வராது. தட்டோடு உட்கார்ந்த பிறகு குறைந்தது 20 நிமிஷமாவது வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. 20 நிமிஷத்துக்கும் குறைவாகக் கிடைத்த பிள்ளைகள் முதன்மை உணவு, காய்கறி, பால் மூன்றையுமே குறைவாகச் சாப்பிட்டதை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். சமையலில் ஒரு குறையும் இல்லாமலேயே நடக்கிற இழப்பு இது.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு கிடையாது. பரிமாறும் இடத்தை ஒன்றிலிருந்து இரண்டாக்கலாம். சின்ன வகுப்புகளைக் கொஞ்சம் முன்னால் விடலாம். கை கழுவும் குழாய்கள் போதாத பள்ளியில் நெரிசல் ஆரம்பிப்பதே அங்கேதான், அதனால் முதலில் குழாயைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, விளையாட்டு இடைவேளை சாப்பாட்டுக்குப் பிறகு இருந்தால் பிள்ளையின் மனசு முழுக்க மைதானத்தில்தான் இருக்கும், தட்டில் இருக்காது. விளையாட்டை முன்னால் வைத்துப் பாருங்கள். ஓடியாடிப் பசியோடு வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அடுத்தது, பெரியவர்கள் பேசத் தயங்குகிற விஷயம்: கூச்சம். இலவசமாகச் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வரிசை, தனி நிற டோக்கன், வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் பெயர் வாசிப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், மேல் வகுப்புப் பிள்ளைகள் பசியைப் பொறுத்துக்கொள்வார்களே தவிர வரிசையில் நிற்க மாட்டார்கள். பதின்ம வயதில் தன்னோடு படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது பசியைவிடப் பெரிய விஷயம். கேட்டால் "பிடிக்கல", "பசிக்கல" என்பார்கள், நாமும் அதை நம்பி மெனுவை மாற்றிக்கொண்டிருப்போம். பின்லாந்து 1948லிருந்தே பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசமாக உணவு கொடுக்கிறது. யார் ஏழை என்று பிரித்துக் காட்ட அங்கே வழியே இல்லை. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வறுமை அதிகமுள்ள பகுதிப் பள்ளிகள் விண்ணப்பம் எதுவும் வாங்காமல் மொத்தப் பள்ளிக்கும் இலவசமாக உணவு தரலாம் என்று வந்தது, 2014இலிருந்து நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. அப்படி மாறிய பள்ளிகளில் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கை கூடியது. எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க முடியாத இடத்திலும் குறைந்தபட்சம் ஒன்றைச் செய்யலாம்: யார் காசு கொடுக்கிறார், யார் கொடுக்கவில்லை என்பது பரிமாறும் இடத்தில் யாருக்கும் தெரியாதபடி கணக்கை அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாக்கி இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையின் கையிலிருந்து தட்டை வாங்குவதை நான் எந்தப் பள்ளியிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாக்கியைப் பெற்றோரிடம் பேசுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பள்ளிச் சமையலில் ருசி கெடுவது பெரும்பாலும் அடுப்பில் இல்லை, அதற்குப் பிறகுதான். காலையிலேயே மொத்தத்தையும் வேகவைத்து, மூடி போட்டு, மதியம் வரை வைத்தால் என்ன ஆகும்? பாத்திரத்தின் சூட்டிலேயே காய் மேலும் வெந்துகொண்டிருக்கும். பச்சையாக இருந்தது சாம்பல் நிறத்துக்கு மாறும், மூடியில் கோத்த தண்ணீர் சொட்டிச் சொட்டி அடியில் தேங்கும், கரண்டியால் எடுக்கும்போதே குழைந்து வரும். முதல் வரிசைக்குக் கிடைத்ததும் கடைசி வரிசைக்குக் கிடைத்ததும் ஒரே உணவு என்று சொல்லவே முடியாது. காயை மட்டுமாவது இரண்டு மூன்று தவணையாக வேகவையுங்கள், ஒவ்வொரு குழு வருவதற்குச் சற்று முன் ஒரு தவணை. சூட்டையும் விட்டுவிடக் கூடாது: சமைத்த உணவைப் பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும், அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது பாதுகாப்புக்கான விதி, ஆனால் ஆறிப்போன சாப்பாட்டைப் பெரியவர்களே விரும்புவதில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உப்பையும் சர்க்கரையையும் குறைக்க வேண்டும், உண்மைதான். ஒரே நாளில் குறைத்தால் மறுநாளே பாதிப் பேர் வர மாட்டார்கள். சில மாதங்களில் படிப்படியாக இறக்கினால் நாக்கு பழகிவிடும். பழம் கொடுப்பதாக இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு நறுக்கிக் கொடுங்கள். பால் பல் விழுந்து, புதுப் பல் பாதி முளைத்த வாயால் முழுப் பழத்தைக் கடிக்க முடியாமல் அப்படியே வைத்துவிட்டுப் போகும் பிள்ளையை "பழம் பிடிக்காத பிள்ளை" என்று எழுதி வைக்கிறோம்.

பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்பதைக் குப்பைத் தொட்டி சொல்லும். மிச்சத்தை ஒரே தொட்டியில் கொட்டவிடாமல் ஒரு வாரத்துக்கு மட்டும் வகைக்கொரு வாளி வையுங்கள். முதன்மை உணவுக்கு ஒன்று, காய்க்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று. முடிந்ததும் எடை போட்டு, அன்றைக்குப் பரிமாறிய அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். வாளி வைத்த அன்றே தெரிய ஆரம்பித்துவிடும். இதில் பிரேசிலின் முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே தேசியப் பள்ளி உணவுத் திட்டத்தில் புதுப் பண்டத்தை மெனுவில் சேர்க்கும்போது பிள்ளைகளிடம் ஏற்புச் சோதனை நடத்த வேண்டும். முகப் படங்கள் போட்ட தாளில் பிள்ளைகள் குறிக்கும் முறையாக இருந்தால் 85 சதவீத ஏற்பு, மிச்சத்தை எடை போடும் முறையாக இருந்தால் 90 சதவீத ஏற்பு வர வேண்டும். பிள்ளைகளின் கருத்தைக் கேட்டுவிட்டுக் கோப்பில் போட்டு மூடாமல், அதற்கு ஒரு மதிப்பெண்ணும் ஒரு விளைவும் வைத்திருக்கிறார்கள்.

நம்மில் பலர் கருத்துக் கேட்பது சாப்பிட வந்த பிள்ளைகளிடம்தான். வராதவர்களிடம் கேட்க வேண்டும். அதுவும் ஆசிரியர் முன்னால் எழுந்து நின்று பதில் சொல்ல வைக்காமல், பெயர் எழுதாத துண்டுச் சீட்டில், "சாப்பிட வராததற்கு முக்கியமான காரணம் என்ன?" என்ற ஒரே கேள்வி போதும். சாப்பாட்டைப் பற்றியே இல்லாத பதில்கள் வரும். உட்கார இடமில்லை, அந்த இடம் நாறுகிறது, பெரிய பையன்கள் தள்ளுகிறார்கள், குடிக்கத் தண்ணீர் இல்லை, பரிமாறுகிறவர் திட்டுகிறார். இவை எந்த மெனுவாலும் தீராது.

புதுக் காயோ புதுச் சமையலோ கொண்டுவந்தால் பொறுமை வேண்டும். ஒரு புது ருசியைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறைகூட ஆகலாம். முதல் வாரம் ஒரு கரண்டி மட்டும், வேண்டுமானால் எடுக்கலாம் என்று வையுங்கள். வற்புறுத்தினால் வெறுப்புதான் மிஞ்சும். கூடவே ஆசிரியர்கள் அதே உணவைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஜப்பானில் பள்ளி உணவுக்கு 1954இலேயே தனிச் சட்டம் வந்தது. அங்கே தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளே முறைவைத்துப் பரிமாறுகிறார்கள், வகுப்பாசிரியரும் அவர்களோடு உட்கார்ந்து அதையே சாப்பிடுகிறார். ஆசிரியர் தனி அறையில் தனிச் சாப்பாடு சாப்பிட்டால் பிள்ளைகள் அதையும் கவனிக்கத்தான் செய்வார்கள்.

காலை உணவு கொடுக்கிற பள்ளிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி தொடங்குவதற்கு முன் கொடுத்தால் பேருந்து தாமதமானவர்களும் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு ஓடிவருகிறவர்களும் தவறவிடுகிறார்கள், அதாவது யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே. முதல் மணி அடித்த பிறகு வகுப்பிலேயே கொடுத்தால் எண்ணிக்கை ஏறும். முதல் பாடவேளையில் சில நிமிஷம் போகும்தான், வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த நிமிஷங்களில் பாடம் எவ்வளவு ஏறும் என்று ஆசிரியர்களுக்கே தெரியும்.

அப்புறம் சமையல் செய்கிறவர்கள். எல்லாக் கூட்டத்துக்கும் தலைமையாசிரியரை அழைப்பார்கள், நிர்வாகத்தை அழைப்பார்கள், சமைக்கிறவரை அழைக்க மாட்டார்கள். எந்தக் கிழமை எது திரும்பி வருகிறது, எந்த வகுப்பு இரண்டாம் முறை கேட்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. அவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். மாற்றம் செய்தபின் வகுப்புவாரியாகத் தினமும் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, குறைந்தது ஒரு மாதமாவது விடுங்கள், இல்லையென்றால் எண்ணிக்கை ஏறியது எதனால் என்று தெரியாது. பிள்ளைகள் சொன்னதால்தான் இதை மாற்றினோம் என்று அவர்களிடமே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடுத்த முறை துண்டுச் சீட்டு கொடுக்கும்போது இன்னும் மனசு விட்டு எழுதுவார்கள்.