ஆந்தைப்பூச்சி: சொல் விளக்கம்

பழனி மலையின் கீழ்ச்சரிவில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு சாயங்காலம், செடியில் நீட்டிக்கொண்டிருந்த காய்ந்த சுள்ளி ஒன்றை ஒடிக்கப் போனேன். சுள்ளி பறந்துவிட்டது. கூட வந்த பையன் கத்தினான்: "அண்ணே, மீசை வச்ச தட்டான்!"

அவன் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. நீண்ட உடல், கண்ணாடி போன்ற நான்கு சிறகுகள், பறந்தபடியே இரை பிடிக்கும் பழக்கம் எல்லாம் தட்டானைப் போலத்தான். ஆனால் தட்டானின் உணர்கொம்பு கண்ணுக்குத் தெரியாத அளவு குட்டை. இதற்கோ நீண்ட மீசை, நுனியில் வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பது போல ஒரு குமிழ். உட்காரும்போது சிறகையும் மீசையையும் கிளையோடு ஒட்டிவைத்து, வயிற்றை மட்டும் சுள்ளி போல வெளியே நீட்டிக்கொள்ளும் இனங்கள் உண்டு. நான் ஏமாந்தது அதில்தான்.

ஆங்கிலத்தில் இதன் பெயர் ஆவுல்ஃப்ளை. அதை இரண்டாக வெட்டி, "ஆந்தை ஈ" என்று தமிழில் எழுதிவிடுவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஈ இனத்துக்கு இரண்டே சிறகு, இதற்கு நான்கு. ஆங்கிலப் பூச்சியியலாளர்கள் இதற்கு ஓர் எழுத்து மரபு வைத்திருக்கிறார்கள். உண்மையான ஈயாக இருந்தால் 'ஃப்ளை' என்பதைத் தனிச்சொல்லாகப் பிரித்து எழுதுவார்கள், இல்லையென்றால் சேர்த்து எழுதுவார்கள். ஆவுல்ஃப்ளை சேர்த்து எழுதப்படும் பெயர். 'ஆந்தை ஈ' என்று பெயர்க்கும்போது அந்த எச்சரிக்கை காணாமல் போகிறது. தேனீ என்கிறோமே, அதற்கும் நான்கு சிறகுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தேனீ நம் நாக்கில் ஊறிய சொல், அதைத் தொட வேண்டாம். புதிதாகச் செய்கிற சொல்லில் அந்தக் குழப்பத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

ஈயை விடலாம், ஆந்தையை விட முடியாது. அது அறிவியல் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. உயிரினங்களுக்கு இருசொல் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் ஃபாப்ரீசியஸ் 1775-இல் இந்தப் பூச்சிகளுக்கு வைத்த பேரினப் பெயர் அஸ்கலாஃபஸ். கிரேக்கக் கதையில் அஸ்கலாஃபஸ் பாதாள உலகத் தோட்டத்தின் காவலன். பாதாள அரசன் கவர்ந்து சென்ற பெர்செஃபோனி அங்கே மாதுளை முத்துகளைத் தின்றதை அவன் போட்டுக்கொடுத்தான், அதற்குத் தண்டனையாக ஆந்தையாக மாற்றப்பட்டான். பூச்சியின் பெரிய உருண்டைக் கண்களையும் பெரும்பாலும் அந்தியில் பறக்கும் வழக்கத்தையும் பார்த்தால் பெயர் பொருந்துகிறது. பல இனங்களில் ஒவ்வொரு கண்ணும் ஒரு பள்ளத்தால் மேல் கீழாகப் பிரிந்திருக்கும். ஐரோப்பிய இனம் ஒன்றில் மேல்பாதி புற ஊதா ஒளியை உணர்கிறது. வானத்தின் பின்னணியில் பறக்கும் இரை அதற்குப் பளிச்சென்று தெரியும்.

1842-இல் லெஃபெவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் இன்னொரு பேரினத்துக்கு சுஹ்பலக்ஸா என்று பெயரிட்டார். எந்த மொழிச் சொல் என்று தேட வேண்டாம். அஸ்கலாஃபஸை ரோமன் எழுத்தில் எழுதி, கடைசி எழுத்திலிருந்து படித்தால் அதுதான் வரும்.

பையன் தட்டான் என்று சொன்னதை யாரும் குறை சொல்ல முடியாது. ஸ்கோப்போலி என்ற பெரிய இயற்கையியலாளரே 1763-இல் ஓர் ஐரோப்பிய ஆந்தைப்பூச்சியை வண்ணத்துப்பூச்சிகளின் பேரினமான பாப்பிலியோவில் சேர்த்துவைத்தார். குமிழ் நுனி மீசை யாரையும் ஏமாற்றும்.

அப்படியென்றால் இந்தப் பூச்சியின் உண்மையான உறவுக்காரர் யார்? நம் வீட்டுத் திண்ணையோரப் புழுதியில் புனல் மாதிரிக் குழி தோண்டி எறும்புக்குக் காத்திருக்குமே ஓர் இளம்புழு, அந்தக் குழிநரி. தென்கோடியில் குழியானை என்பார்கள். இரண்டும் நரம்புச்சிறகிகள் (நியூரோப்டெரா) என்ற பூச்சி வரிசையைச் சேர்ந்தவை. 2019-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, ஆந்தைப்பூச்சிகள் குழிநரிக் குடும்பத்துக்குள்ளேயே கிளைத்தவை என்றது. வேறு சிலர் தனிக் குடும்பமாகவே வைத்திருக்கிறார்கள். நெருங்கிய உறவு என்பதில் சண்டை இல்லை.

இங்கே இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். "புதிய சிற்றினம் கண்டுபிடிப்பு" என்று செய்திகள் போடுகின்றன. வகைப்பாட்டியலில் கண்டுபிடிப்பதைவிட விவரிப்பதுதான் பெரிய வேலை. உலகில் 400-க்கும் மேற்பட்ட ஆந்தைப்பூச்சிச் சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. புதியது என்று சொல்ல, மீசையின் நீளம், குமிழின் வடிவம், சிறகு நரம்புகள், சிறகு நுனிப் புள்ளியின் நிறம், ஆணின் வயிற்று நுனி உறுப்புகள் எல்லாவற்றையும் பழைய மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். அப்புறம் ஒரே ஒரு பூச்சியை ஹோலோடைப் என்று குறிக்க வேண்டும். தமிழில் மூலமாதிரி எனலாம். அந்தப் பெயர் என்றைக்கும் அந்த ஒரு பூச்சியோடு கட்டுண்டது. நாளைக்குச் சந்தேகம் வந்தால் அதைத்தான் திறந்து பார்ப்பார்கள். காரைக்கால் குரும்பகரத்துச் சூசை நாதன் நீலகிரியிலும் ஆனைமலையிலும் சேகரித்த பூச்சிகள், ஊர்ப் பெயர் எழுதிய சீட்டோடு உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சீட்டில் ஊர் இல்லாத பூச்சிக்கு மதிப்பு பாதிகூட இல்லை.

பெயர் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சொல் எந்த மொழியினதாகவும் இருக்கலாம். நம் மலைச்சோலை இப்படித்தான் 2017-இல் ஷோலிகோலா என்ற பறவைப் பேரினமாக ஆனது. அதில் ஒன்று நீலகிரியில் இருக்கிறது, இன்னொன்று இந்தப் பழனி மலையில்.

சரி, தமிழ்ப்பெயர். 'ஆந்தைத் தும்பி' என்றால் தும்பியே குழப்பமான சொல்: சங்கப் பாட்டில் அது வண்டு, இன்று தட்டான். 'ஆந்தைச் சிறகி' அழகாக இருக்கிறது, ஆனால் சிறகி என்பது குளத்து வாத்து ஒன்றின் பெயர். பூச்சி என்ற சொல்தான் எந்த இனத்தின் மேலும் பொய்யாக ஏறாது. அதனால் ஆந்தைப்பூச்சி என்கிறேன். அந்துப்பூச்சியோடு ஒலி நெருங்குகிறது, இரண்டும் இரவில் விளக்குக்கும் வரும். அந்த ஒரு குறையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இளம்புழுவுக்குத் தனிப்பெயர் வேண்டும். அது குழி தோண்டாது. மேலெல்லாம் தூசியும் துணுக்கும் ஒட்டவைத்துக்கொண்டு, சருகுக்கடியிலோ மரப்பட்டையிலோ தாடையை அகலத் திறந்தபடி கிடக்கும். உறவும் தெரிய வேண்டும், குழி இல்லை என்பதும் தெரிய வேண்டும். அதைச் சருகுநரி என்று கூப்பிடலாம்.