பாறை முடிந்த பிறகும் ஏன் உடனே விழுவதில்லை?

1948-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'பக்ஸ் பன்னி ரைட்ஸ் அகெய்ன்' சுமார் ஏழு நிமிடக் கார்ட்டூன். கௌபாய் படங்களின் சாமான்கள் எல்லாமே அதில் உண்டு: மதுக்கடை, துப்பாக்கி, குதிரைத் துரத்தல், அப்புறம் பெரிய தொப்பியும் சிவப்பு மீசையுமாக யோசெமிட்டி சாம் என்கிற குள்ள ரவுடி. பக்ஸ் பன்னி என்கிற முயல் தரையில் ஒரு கோடு கிழித்து, தைரியம் இருந்தால் தாண்டு பார்க்கலாம் என்கிறது. சாம் தாண்டுகிறான். மறுபடி கோடு, மறுபடி தாண்டல். இப்படியே போய் கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையே இல்லை. சாம் விழுந்துகொண்டிருக்கும்போதே முயல் கீழே போய் மெத்தை விரித்து, தன் மனசாட்சியைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, மெத்தையைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது.

இவ்வளவுக்கும் நேரம் எங்கிருந்து வந்தது?

நிஜ வீழ்ச்சியைக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். சினிமாவில் வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். கால் தரையை விட்டதும் முதல் பிரேமில் ஓர் உடம்பு விழும் தூரம் வெறும் 8.5 மில்லிமீட்டர்தான். இரண்டு பிரேம் முடியும்போது 34, மூன்றில் 77. ஒவ்வொரு பிரேமிலும் புதிதாக விழும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். கலீலியோ சாய்வுப் பலகையில் உருண்டைகளை உருட்டிக் கண்டுபிடித்த விதி இது. அரை வினாடியில் 1.2 மீட்டர், ஒரு வினாடியில் 4.9 மீட்டர். அதாவது அந்தரத்தில் நிற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, முதல் பிரேமிலிருந்தே விழுந்துகொண்டுதான் இருக்கிறோம், ஆனால் முதல் இரண்டு மூன்று பிரேமில் விழுவது அவ்வளவு கொஞ்சம் என்பதால் இயற்கையே சற்று யோசிப்பதுபோல் இருக்கிறது. கார்ட்டூன்காரர்கள் எட்டில் ஒரு பங்கு வினாடி நீளமுள்ள இந்தத் தயக்கத்தைத்தான் பிடித்து இரண்டு வினாடிக்கு இழுத்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

சாம் நடந்து போய் விழுந்தவன். ஓடிப்போய் விழுவதில் மன்னன் என்றால் 1949-இல் அறிமுகமான வைல் ஈ. கொயோட்டி என்கிற ஓநாய் மாதிரியான கார்ட்டூன் விலங்கு. அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தில் ரோட் ரன்னர் என்கிற வேகமாக ஓடும் பறவையைத் துரத்திக்கொண்டே பாறை விளிம்பைத் தாண்டும், நேர்கோட்டில் போகும், நிற்கும், கீழே பார்க்கும், அப்புறம்தான் செங்குத்தாக விழும். நிஜத்தில் முன்னோக்கிய ஓட்டத்துக்கும் கீழ்நோக்கிய வீழ்ச்சிக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே கிடையாது, இரண்டும் ஒரே நேரத்தில் தனித்தனியாக நடக்கின்றன, அதனால் பாதை பரவளையமாக வளையும். கௌபாய் பாஷையில் சொன்னால்: சமதரையில் நின்று ஒன்றரை மீட்டர் உயரத்தில் துப்பாக்கியைக் கிடைமட்டமாகப் பிடித்துச் சுடுகிறீர்கள், அதே கணம் இன்னொரு தோட்டாவைக் கையிலிருந்து நழுவ விடுகிறீர்கள். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் இரண்டும் 0.55 வினாடியில் ஒன்றாகத் தரையைத் தொடும். ஒன்று காலடியில் கிடக்கும், இன்னொன்று நூறு மீட்டருக்கு அப்பால், அவ்வளவுதான்.

இதை நம்ப மனசு வராது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெக்கிளாஸ்கியும் அவருடைய குழுவினரும் 1980-களில் மாணவர்களிடம் காகிதத்தைக் கொடுத்து, பாறை விளிம்பைத் தாண்டி உருளும் பந்தின் பாதையை வரையச் சொன்னார்கள். பலர் சரியாக வளைத்தார்கள். ஆனால் சிலர் கொஞ்ச தூரம் நேராகக் கொண்டுபோய்ச் சட்டென்று கீழே இறக்கினார்கள், அச்சு அசல் கொயோட்டி! பந்துக்குள் ஒரு உந்துவிசை ஏற்றப்பட்டிருக்கிறது, அது தீர்ந்ததும் விழும் என்பது இந்த நினைப்பின் அடிப்படை. படிக்காத பிள்ளைகளின் உளறல் என்று தள்ளிவிட முடியாது, 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ழான் புரிடான் போன்ற பெரிய பண்டிதர்களே இதற்கு நெருக்கமான கொள்கையைத்தான் கற்பித்தார்கள்.

பென்சில் தப்பாக வரைந்தாலும் கை தப்புச் செய்வதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 1998-இல் நியூரோலேப் விண்வெளி ஓடப் பயணத்தில் வீரர்களை நோக்கி ஒரு பந்தை ஏவிப் பிடிக்கச் சொன்னார்கள். அங்கே எடையற்ற நிலை என்பதால் பந்து வேகம் கூடாமல் ஒரே சீராக வரும், கண்ணுக்கும் அது தெரியும், இருந்தும் அவர்களுடைய கைகள் பந்து வந்து சேருவதற்கு முன்பே அவசரப்பட்டுத் தயாராகின. பூமியில் விழும் பொருள் எப்படி வேகம் பிடிக்கும் என்ற கணக்கு மூளைக்குள் அவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. ஆக நமக்குள் இரண்டு இயற்பியல். ஒன்று சரியானது, வாய் பேசாது. இன்னொன்று தப்பானது, நன்றாக வாதாடும். கொயோட்டி அந்தரத்தில் நிற்கும்போது முதலாவது "விழு, விழு" என்கிறது, இரண்டாவது "இரு, இன்னும் ஓட்டம் மிச்சம் இருக்கிறது" என்கிறது. சிரிப்பு அந்த இடைவெளியில்தான் வருகிறது என்று நினைக்கிறேன்.

அந்த இடைவெளியின் நீளத்தைப் படம் வரையத் தொடங்குவதற்கு முன்பே இயக்குநர் முடிவு செய்துவிடுவார். சாம் படத்தை இயக்கிய ஃப்ரிஸ் ஃப்ரெலெங் இசைத்தாளிலேயே அசைவுகளைக் குறித்துக்கொள்வார், அதனால் அவருடைய படங்களில் அடியும் உதையும் தாளத்தில் விழும். கொயோட்டியை உருவாக்கிய சக் ஜோன்ஸ் வீழ்ச்சிக்கு ஒரு கணக்கே வைத்திருந்தார்: புள்ளியாகி மறைய 18 பிரேம், அப்புறம் 14 பிரேம் கழித்து தூசிப் புகை. மொத்தம் 32 பிரேம், ஒன்றேகால் வினாடிக்குச் சற்று மேல். நிஜத்தில் அந்த நேரத்தில் ஒன்பது மீட்டர்கூட விழ முடியாது. வரைந்திருக்கும் பள்ளத்தாக்கோ பார்வைக்கு 500 மீட்டராவது இருக்கும், அதற்கு நியாயமாகப் பத்து வினாடி, 240 பிரேம் வேண்டும். ஆக அந்தரத்தில் நிற்பதற்குத் தாராளமாகக் கொடுத்த நேரத்தை ஜோன்ஸ் விழுவதில் கறாராகப் பிடுங்கிக்கொள்கிறார். ஃப்ரெலெங் நேர்மாறு, முயல் மெத்தை விரித்து முடிக்கும்வரை சாமைக் காற்றிலேயே வைத்திருக்கிறார். இரண்டுமே இயற்பியலுக்கு விரோதம், ஆனால் இரண்டும் வேலை செய்கிறது!

சத்தத்தில் இன்னொரு திருட்டு இருக்கிறது. 500 மீட்டர் ஆழத்திலிருந்து ஒலி மேலே வர ஏறக்குறைய ஒன்றரை வினாடி ஆகும், அதாவது புகை தெரிந்து 35 பிரேம் கழித்துத்தான் 'தொம்' கேட்க வேண்டும். கார்ட்டூனில் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகவே வைத்துவிடுவார்கள். முறைப்படி காத்திருந்தால் சத்தம் மேலே வருவதற்குள் கொயோட்டி அடுத்த காட்சியில் புது ராக்கெட் பெட்டியைப் பிரிக்க உட்கார்ந்திருக்கும்.